இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கோ!

கண்டாச்சிபுரத்து மே மாத வெயிலில், வேகத்துக்காக முறுக்கேற்றிய காரை ஓட்டிப் பாருங்கள். பெட்ரோலின் சக்தியில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் வேலைக்கு ஆகும், மீதி சூடு. பவர் கூடினால் சூடும் கூடும். அதனால் கம்பெனி ரேடியேட்டரைக் கழற்றிவிட்டு, தடிமனான அலுமினிய ரேடியேட்டர் மாட்டுகிறார்கள். காற்றுக்குமிழ் தங்காமல் கூலன்ட் நிரப்புகிறார்கள்.

உடனே இன்ஜின் ஜில்லென்று ஆகிவிடுமா? ஆகாது சார்! தெர்மோஸ்டாட் திறப்பதே 80, 90 டிகிரியில்தான். பெரிய ரேடியேட்டர் தருவது கூடுதல் தாங்கும் சக்தி, அவ்வளவே. ஹோஸ் ஒழுகினால் அதுவும் வீண்செலவு.

பொறுமையும் இப்படித்தான். கோபம் யாருக்கும் வரும். அதை ஆற்றிக்கொள்ள இடம் வைத்திருப்பவர் பொறுமைசாலி. நல்லது. ஆனால், தினம் ஒரு அநியாயம் நடக்கிற வீட்டில் மருமகளைப் பார்த்து, ‘இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கோம்மா’ என்கிறோமே... அது ஒழுகலை விட்டுவிட்டு ரேடியேட்டரைப் பெரிசாக்குகிற வேலை. முதலில் ஹோஸைப் பாருங்கள்!