இரண்டு தொட்டி, ஒரே தண்ணீர்

எஹலியகொடையில் இருந்துகொண்டு கடல் மீன் வளர்க்கப்போகிறேன் என்று வாய்விட்டுச் சொல்லிப் பார், தம்பி. முதலில் வீட்டில் சிரிப்பார்கள், பிறகு கடைத்தெருவில் சிரிப்பார்கள். “இங்கே இருப்பது இறப்பரும் தேயிலையும் இரத்தினக்கல் குழியும். கடலுக்கு எங்கே போவாய்?” என்பார்கள். நீயும் அதைக் கேட்டுவிட்டுப் பேசாமல் திரும்பி வருவாய். அங்கேதான் எனக்குக் கோபம். சிரித்தவர்களில் ஒருவராவது கணக்குப் போட்டுப் பார்த்தாரா? நீயாவது போட்டாயா?

வா, இப்போதே போடுவோம்.

லயத்து அறை பத்தடிக்குப் பன்னிரண்டடி. நாலடித் தொட்டிக்கு அங்கே இடமில்லை, கையில் காசும் இல்லை. சரி. இரண்டடித் தொட்டிக்கு இடம் உண்டு. நீளம் 60, அகலம் 30, தண்ணீரின் உயரம் 30 சென்ரிமீற்றர். 54 லீற்றர். கடல் மீனுக்கு இது போதாது என்று அனுபவசாலிகள் தலையை ஆட்டுவார்கள். சின்னத் தொட்டியில் எல்லாமே வேகமாகக் கெடும், அது உண்மைதான். ஒரு மீன் செத்துக் கல்லிடுக்கில் கிடந்து அழுகினால், அதிலிருந்து வரும் அமோனியா விடிவதற்குள் மற்ற மீன்களையும் சாய்த்துவிடலாம்.

அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதா? அதே அளவில் இன்னொரு தொட்டியைப் பக்கத்தில் வை. இரண்டின் தண்ணீரையும் ஒன்றாக்கு. இப்போது 108 லீற்றர். அதே செத்த மீனின் நஞ்சு பாதியாக நீர்த்துப்போகும். அமோனியாவை நைத்திரைற்றாகவும், அதை நைத்திரேற்றாகவும் மாற்றுகிற பற்றீரியாக்கள் இரண்டு தொட்டியின் மணலிலும் கல்லிலும் இருந்து வேலை செய்யும். பெரிய தொட்டி வாங்க வழியில்லாதவனுக்கு இதுவே வழி.

இணைத்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று யாராவது சொன்னால் அதையும் நம்பாதே. தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு தங்கிவிடும், உவர்ப்பு ஏறும். இரண்டு தொட்டியும் திறந்திருந்தால் ஆவியாவதும் இரண்டு மடங்கு. அந்த விஷயத்தில் இணைப்பால் லாபமில்லை. போன அளவுக்கு நல்ல தண்ணீரை, உப்புக் கலக்காமல், ஒரு தொட்டியில் ஊற்றினால் மற்றதற்கும் போய்ச் சேரும். அந்த ஒரு வேலை மட்டும் மிச்சம்.

இனிக் குழாய். டிரம்மிலிருந்து மண்ணெண்ணெய் எடுக்க ஹோஸை வாயால் உறிஞ்சிவிடுவோமே, அதே வித்தைதான். ஒரே மட்டத்தில் நிற்கும் இரண்டு தொட்டிகளுக்கும் நடுவே கவிழ்த்த ‘ப’ போலக் குழாயைப் போட்டுக் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டால், உயர்ந்த பக்கத்துத் தண்ணீர் தாழ்ந்த பக்கத்துக்குத் தானாகப் போகும். இரண்டாவது தொட்டியிலிருந்து முதலாவதற்கு மணிக்கு 600 லீற்றர் தள்ளும் ஒரு சின்னப் பம்ப் போதும். அந்தப் பக்கமும் ஒரு பம்ப் வைத்தால் சமமாகிவிடும் என்று நினைக்காதே. எந்த இரண்டு பம்பும் ஒரே அளவில் தள்ளாது. போவது பம்பால், வருவது குழாயால்.

குழாயின் அளவில்தான் பலர் தோற்கிறார்கள். உள்விட்டம் 25 மில்லிமீற்றர் என்றால், அந்த 600 லீற்றரைத் திருப்பி அனுப்ப முதல் தொட்டியின் மட்டம் ஏறக்குறைய 2 சென்ரிமீற்றர் உயர்ந்தால் போதும். காசு மிச்சம் என்று அதில் பாதி விட்டமுள்ள ஹோஸைப் போட்டால்? விட்டம் பாதியானால் தேவைப்படும் மட்ட வித்தியாசம் பதினாறு மடங்குக்குக் குறையாது. 30 சென்ரிமீற்றருக்கு மேல் போய்விடும். உன் தொட்டியின் மொத்தத் தண்ணீரே அவ்வளவு உயரம்தான்! அறை முழுவதும் உப்புத் தண்ணீர் ஓடும், பாயும் புத்தகமும் நனையும், “நான் அப்பவே சொன்னேனே” என்று நாலு பேர் வருவார்கள். அவர்கள் சொன்னது பலித்ததாக நீயும் நம்பிவிடுவாய். தோற்றது நீ இல்லையடா, அரை அங்குல ஹோஸ்!

குழாயின் உச்சியில் காற்றுச் சேர்ந்து ஓட்டம் அறுந்தால் என்ன ஆகும் என்றும் யோசி. பம்ப் நிற்காது, தள்ளிக்கொண்டே இருக்கும். அதனால் பம்பின் வாயை நீர்மட்டத்துக்கு 3 சென்ரிமீற்றர் கீழே மட்டும் வை. அது இழுக்கக்கூடியது ஐந்தரை லீற்றர்தான். முதல் தொட்டியில் வேலை நடக்கும்போதே இன்னும் 4 சென்ரிமீற்றர் காலியாக இருக்கட்டும். பம்ப் கருகலாம், வீடு நனையாது. முடிந்தால் ஒன்றுக்கு இரண்டு குழாய் போடு.

கரண்ட் போனால்? இரண்டு மட்டமும் சமமாகி நிற்கும், அவ்வளவுதான். ஆனால் 2022 மார்ச் கடைசியில் நாடு ஒரே நாளில் 13 மணி நேரம் இருட்டில் கிடந்ததே, அப்படி வந்தால் மீனுக்கு மூச்சு முட்டும். பட்டரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும்.

கடல் தூரம் என்றாயே, கடலில் பெரும்பங்கு வெறும் தண்ணீர். ஒரு லீற்றரில் 35 கிராம் அளவு உப்புகள். உன் இரண்டு தொட்டிக்கும் ஏறக்குறைய 4 கிலோ. சமையல் உப்பைக் கொட்டிவிடாதே. உப்பளத்தில் சோடியம் குளோரைட்டு படியும்போது மக்னீசியத்தில் பெரும்பகுதி மிஞ்சிய நீரோடு போய்விடுகிறது. மீன் கடைகளில் விற்கும் கடலுப்புக் கலவைதான் வேண்டும். அதைக் கரைக்கத் தாதுக்கள் குறைந்த தூய நீர் தேவை. நகரத்தில் அதற்காக வடிகட்டும் இயந்திரம் வாங்குகிறார்கள். உனக்கு வானம் கொட்டுகிறது! இந்தப் பக்கத்தில் ஆண்டுக்கு 3000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. இரண்டு சதுர மீற்றர் பிளாஸ்டிக் விரிப்பில் 54 மில்லிமீற்றர் விழுந்தால் இரண்டு தொட்டியும் நிறையும். ஒரு நல்ல அடைமழை போதும். தகரக் கூரையில் வழிந்ததைப் பிடிக்காதே, நாகமும் துருவும் வரும். மருந்தடிக்கிற நாட்களிலும் பிடிக்காதே.

இதெல்லாம் படித்தவர்கள் செய்வது என்கிறாயா? 1794இல் பிரான்சில் ஒரு செருப்புத் தைப்பவரின் மகளாகப் பிறந்தவர் ஜான் வில்பிரூ பவர். பதினெட்டு வயதில் பாரிஸுக்கு நடந்தே போய்த் தையல்காரியானவர். கலியாணமாகிச் சிசிலித் தீவுக்குப் போன பிறகு கடலுயிர்களைத் தாமாகவே படித்தார். ஆர்கோநாட் என்ற கணவாய் இனம் தன் ஓட்டைத் தானே செய்கிறதா, வேறொன்றிடம் பறிக்கிறதா என்று விஞ்ஞானிகள் சண்டை போட்ட காலம். அவர் 1832இல் கண்ணாடித் தொட்டி செய்து, அதில் அந்த உயிரை வளர்த்து, தானே செய்கிறது என்று காட்டினார். பிற்காலத்தில் ரிச்சர்ட் ஓவன் என்ற பெரிய விஞ்ஞானி அவரை மீன்தொட்டிக் கலையின் தாய் என்றார். அந்தத் தையல்காரி யாரிடம் அனுமதி கேட்டார், தங்கச்சி? உன்னையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். தண்ணீர் ஒன்றானால் நோயும் ஒன்றாகும். வெள்ளைப்புள்ளி நோயோடு ஒரு மீன் வந்தால் இரண்டு தொட்டிக்கும் போகும். அதற்குப் போடும் செம்பு மருந்து, முதுகெலும்பில்லாத உயிர்களைக் கொன்றுவிடும். எனவே இவற்றோடு சேராத மூன்றாவது பாத்திரம் ஒன்று வேண்டும். புது மீன் நாலு வாரமாவது அதில் தனியாக இருக்கட்டும். கோமாளி மீன் வாங்குவதானால் தொட்டியில் பிறந்ததைக் கேட்டு வாங்கு. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தார் அதைக் குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறார்கள். ஹிக்கடுவைக்குப் போய்ப் பவளத்தை உடைத்துக்கொண்டு வராதே. அது குற்றம்.

இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்கு. உப்பும் வேண்டாம், மீனும் வேண்டாம், வெறும் பீலித்தண்ணியை நிரப்பு. பம்பை ஓடவிட்டு இரண்டு மட்டத்திலும் பேனையால் கோடு போடு. பிளக்கைப் பிடுங்கிப் பார். பிறகு வேண்டுமென்றே குழாய்க்குள் காற்றை விட்டுப் பார். தரையில் ஒரு சொட்டு விழுந்தாலும் குழாயை மாற்றி மறுபடி செய். இரண்டு சோதனையிலும் தரை காய்ந்திருந்தால், திங்கட்கிழமை போய் உப்புக் கலவைக்கு விலை கேள்.