உப்பின் தரப்பு

தோலா, தண்ணீரா என்ற விவாதம் வாணியம்பாடியிலிருந்து ராணிப்பேட்டை வரை பல வருஷங்களாக ஒரே இடத்தில் நிற்கிறது. ஒருவர் பிழைப்பைச் சொல்கிறார். மற்றவர் கிணற்றைச் சொல்கிறார். இருவர் சொல்வதும் உண்மை. இரண்டு உண்மைகள் எதிரெதிரே நின்றுவிட்டால் தர்க்கத்துக்கு அதற்குமேல் வேலை இல்லை. இன்னும் உரக்கக் கத்தலாம், அவ்வளவே. கற்பனைக்கு இங்கேதான் வேலை. கவிஞர்களுக்கென்று ஒதுக்கிவைத்த கற்பனையை அல்ல, விசாரணை முறையாக இயங்கும் கற்பனையைச் சொல்கிறேன்.

1972-ல் கிறிஸ்டபர் ஸ்டோன் என்ற அமெரிக்கச் சட்டப் பேராசிரியர், மரங்கள் வழக்காடலாமா என்று கேட்டார். அபத்தம் போலத் தொனித்த அந்தக் கேள்வி அதே வருஷம் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தில், நீதிபதி டக்ளஸின் மாறுபட்ட தீர்ப்பில் ஏறிவிட்டது. நமக்கு இது புதிதா? சேக்கிழாரின் பசு மணியடித்திருக்கிறது. நாம் அதை அரசனின் பெருமையாகவே படித்துப் பழகிவிட்டோம். மாட்டுக்கும் எட்டுகிற உயரத்தில் மணியைக் கட்டிய கற்பனையைப் பற்றிப் பேச்சே இல்லை.

ஆனால், ஆறு பேசினால் என்ன சொல்லும் என்று கேட்பது எனக்கு அவ்வளவு உபயோகமாகப் படவில்லை. ஆறு புலம்பும், நாம் உருகுவோம். (பாலாற்றின் மேல் அந்த மாதிரிக் கவிதைகள் போதும்.) உப்பைக் கேட்க வேண்டும். பச்சைத் தோல் கெடாமலிருக்கத் தூவிய உப்பு நான் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஊறலிலேயே நீரில் கரைந்துவிடுகிறேன். சாதாரணச் சுத்திகரிப்பு என்னைத் தொடுவதில்லை. சவ்வில் அழுத்தி வடித்தால் நல்ல நீர் ஒருபக்கம் போக, நான் மறுபக்கம் தங்குகிறேன். அந்த நீரையும் ஆவியாக்கினால் பழையபடி உப்பாகவே குவிகிறேன். இப்போது என்னை எங்கே வைப்பாய்? பேரேடு எழுதுகிறவனுக்கு இது சுலபமாகப் புரியும்: ஒரு கணக்கில் கழித்தது இன்னொரு கணக்கில் ஏறியே தீரும்.

1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் வேலூர் வழக்கில், கேடில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பைத் தொழில் செய்பவர் மேல் வைத்தது. பெரிய காரியம்தான். ஆனால் நடைமுறையில், சுத்திகரிப்பு நிலையம் உண்டா என்ற கேள்விக்கு உண்டு என்று பதில் வந்ததும் விவாதம் ஆறிவிடுகிறது. 2015 ஜனவரி 31 விடிகாலை, ராணிப்பேட்டை சிட்கோ வளாகத்தில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்துத் தோல் ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். தோலா, தண்ணீரா என்ற வாதத்தில் எந்தப் பக்கத்திலும் அவர்கள் இல்லை. அந்தச் சேற்றின் கூடவே யாராவது மனசால் நடந்துபோயிருந்தால் அந்தச் சுவரில் வந்து முட்டியிருப்பார். சுவருக்கு அப்பால் படுத்திருந்தவர்களையும் பார்த்திருப்பார்.