தீர்ப்பை வென்ற நதி

லண்டனின் ஈஸ்ட்ஹாமிலும் இல்ஃபோர்டிலும் வெம்பிளியிலும் வளரும் தம்பி, தங்கைகளே! “உன்னால் முடியாது” என்று யாரேனும் உங்களுக்குத் தீர்ப்பு எழுதியிருக்கிறார்களா? உங்கள் ஊரில் ஓடும் தேம்ஸ் நதிக்கும் அப்படி ஒரு தீர்ப்பு எழுதப்பட்டது.

1957இல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் தேம்ஸ் உயிரற்ற நதி என்று அறிவித்தது. மாநகரின் கழிவுநீர் ஆக்சிஜனைத் தின்று தீர்த்திருந்தது. நகருக்குள் மீன் பிழைக்க வழியில்லை. அன்றைக்கு அது உண்மை. ஆனால் அன்றைய உண்மை என்றைக்குமான விதி அல்ல!

அடுத்த இருபது ஆண்டுகளில் பெக்டன், கிராஸ்னஸ் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் விரிவாக்கப்பட்டன. நதி மூச்சுவிடத் தொடங்கியது. மீன் திரும்பியதை எப்படி அறிந்தார்கள்? கரையோர மின்நிலையங்கள் இயந்திரங்களைக் குளிர்விக்க ஆற்றுநீரை உறிஞ்சும். அந்த நீரோடு வரும் மீன்கள் வடிகட்டிகளில் சிக்கும். அவற்றைச் சேர்த்துவைக்கும்படி கேட்டு வாங்கி, இனம் பிரித்துக் குறித்தார் அதே அருங்காட்சியகத்தின் மீனியலாளர் ஆல்வின் வீலர். 1974இல் வெஸ்ட் தர்ரக் மின்நிலைய வடிகட்டியில் ஒரு சால்மன் கிடைத்தது. நூறாண்டுக்கு மேலாக தேம்ஸ் காணாத மீன்!

வீலர் பெரிய கப்பலுக்குக் காத்திருக்கவில்லை. மற்றவர்கள் கழித்துப் போட்டதிலேயே சான்றைத் தேடினார். உனக்கும் வசதி வரட்டும், வாய்ப்பு வரட்டும் என்று உட்கார்ந்திருக்காதே. கையில் இருப்பதைக் கொண்டு இன்றே தொடங்கு!

இன்று நதியின் உயிர்களை லண்டன் விலங்கியல் சங்கம் கணக்கெடுக்கிறது. நீர் வற்றும் நேரத்தில் சீல்கள் கழிமுக மணல்திட்டுகளில் ஏறிப் படுக்கின்றன. அவற்றை 2013 முதல் வானிலிருந்தும் படகிலிருந்தும் எண்ணி வருகிறார்கள். 2018இல் 138 குட்டிகளை எண்ணினார்கள். 2021இல் வெளியான நதி நிலை அறிக்கை 115 வகை மீன்களையும் 92 வகைப் பறவைகளையும் சொன்னது. கடற்குதிரை, விலாங்கு, சுறா எல்லாம் அந்த நதியில்!

வெப்பம் ஏறுவதையும் கழிவு இன்னும் கலப்பதையும் அதே அறிக்கை மறைக்கவில்லை. சாதகத்தை மட்டும் எண்ணினால் அது தற்பெருமை. குறையையும் எண்ணி, அதைத் தீர்க்கக் கிளம்புவதே தன்னம்பிக்கை. லண்டன் ஏற்கெனவே கிளம்பியிருந்தது: மழைநாளில் ஆற்றில் கொட்டிய கழிவைத் தடுக்க 25 கி.மீ. நீளச் சுரங்கம் தோண்டி, 2025இல் முழுமையாக இணைத்தது.

“நான் உயிரியல் படிக்கவில்லையே, எனக்கு இதில் என்ன வேலை?” என்கிறாயா? 2004 முதல் சீல், டால்பின், திமிங்கலம் கண்ட எவரும் விலங்கியல் சங்கத்துக்குச் சொல்லலாம். பத்தாண்டில் 2,700க்கும் மேற்பட்ட விலங்குகள் பதிவாயின. சீல் அதிகம் தென்பட்ட இடம், வங்கிக் கோபுரங்கள் நிற்கும் கேனரி வார்ஃப்! அங்கே சன்னலோரம் நிமிர்ந்து பார்த்தவன்தான் ஆய்வாளன். கண் இருக்கிறதா? பொறுமை இருக்கிறதா? உனக்குத் தகுதி இருக்கிறது!

சுற்றுலாவும் இப்படித்தான் மாற வேண்டும். பார்த்தோம், படமெடுத்தோம், குப்பை போட்டோம் என்று திரும்பும் பயணம் வேண்டாம். போன இடத்தை, போனபோது இருந்ததைவிட நன்றாக விட்டுவரும் பயணம் வேண்டும். அதற்கு முதல் படி கணக்கெடுப்பு. எங்கே குட்டி ஈனுகிறது, எப்போது பறவை இறங்குகிறது என்று தெரிந்தால்தான் படகு எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும், எந்தப் பாதையை எந்த மாதம் மூட வேண்டும் என்று முடிவுசெய்ய முடியும். தேம்ஸ் கரையில் அப்படி மாறிய இடமும் உண்டு: ராணுவத்தின் துப்பாக்கிப் பயிற்சித் திடலாக இருந்த ரெய்ன்ஹாம் சதுப்புநிலம் 2006 முதல் பறவை பார்ப்போருக்குத் திறந்திருக்கிறது. குண்டு துளைத்த மண்ணே மாறும் என்றால் நீ மாற மாட்டாயா?

உயிர்களைத் தேடிப் போய்க் காப்பது நமக்குப் புதிதும் அல்ல. சென்னைக் கடற்கரையில் 1988 முதல் மாணவர்கள் இரவெல்லாம் நடந்து, பங்குனி ஆமை முட்டைகளைக் காத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். பொதுமக்களும் உடன் நடக்கிறார்கள். அந்த மாணவர்களுக்கு இருந்த துணிவு உனக்கும் உண்டு.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கைபேசியை மட்டும் பார்த்துக் கழியக் கூடாது. ஒரு நோட்டுப் புத்தகம் எடு. ஆற்றங்கரைக்குப் போ. கண்ட உயிர், நேரம், இடம் மூன்றையும் எழுது. உரியவர்களுக்கு அனுப்பு. அடுத்த வாரம் மறுபடி போ. தம்பியை, தோழியை, பெற்றோரைக் கூட்டிப் போ. உன்னைப் பற்றிப் பிறர் எழுதிய தீர்ப்பு எதுவும் கடைசித் தீர்ப்பு அல்ல. உன் கையால் நீ எழுதப்போவதே கடைசி. எழு, எழுது!