சுவர் போனது, ஸஃப்பு போகவில்லை

அல்ஹம்து லில்லாஹ். ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீது உண்டாவதாக.



பள்ளிவாசல் என்றால் எது? மினாராவா, மார்பிள் தரையா? பள்ளிகளைச் செழிக்கச் செய்பவர்கள் யார் என்று சூரா தவ்பாவில் சொல்லும்போது அல்லாஹ் கட்டடத்தைப் பேசவில்லை. ஈமான் கொண்டு, தொழுகையை நிலைநாட்டி, ஜகாத் கொடுத்து, அவனுக்கு மட்டுமே அஞ்சுகிறவர்களைத்தான் சொல்கிறான்.

மதீனாவில் நாயகம் (ஸல்) கட்டிய பள்ளிக்குப் பேரீச்ச மரமே தூண், ஓலையே கூரை. மழை பெய்தால் ஒழுகும். ஈர மண்ணில் ஸஜ்தா செய்த அந்த முபாரக்கான நெற்றியில் சேற்றின் அடையாளத்தை ஸஹாபாக்கள் கண்டார்கள்.

நமக்குக் கடல் தாண்டி யாழ்ப்பாணம் இருக்கிறது. நம்மைப் போலவே தமிழ் பேசும் முஸ்லிம்கள். 1990 அக்டோபர் 30 அன்று, இரண்டு மணி நேரத்தில் ஊரை விட்டுப் போகும்படி விடுதலைப் புலிகள் உத்தரவிட்டார்கள். வீடு, கடை, நகை எல்லாம் போயிற்று. அந்த நாட்களில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் சுமார் 75,000 பேர். பெரும்பாலோர் புத்தளத்தில் ஓலைக் குடிசைகளில் ஒதுங்கினார்கள். யாழ்ப்பாணத்துப் பள்ளிகள் ஆளின்றிப் பாழடைந்தன.

தொழுகை நின்றதா? இல்லை. முகாமில் ஓலைக் கொட்டகை பள்ளியானது. பிள்ளைகள் குர்ஆன் ஓதினார்கள். 2009-ல் போர் முடிந்தபின் சில குடும்பங்கள் திரும்பின. பாழடைந்த பள்ளிகளைச் செப்பனிட்டு மறுபடி பாங்கு சொன்னார்கள். பலர் இன்னும் திரும்பவில்லை. அந்தக் காயம் ஆறவில்லை. ஆனால் ஸஃப்பு கலையவில்லை.

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து விக்டோரியா நகரில், 2017 ஜனவரியில் ஒரு பள்ளிவாசலைத் தீவைத்து எரித்தார்கள். அங்குள்ள யூதர்கள் தங்கள் ஆலயத்தின் சாவியையே முஸ்லிம்களிடம் கொடுத்தார்கள். முன்பே நல்ல அண்டை வீட்டாராக வாழ்ந்தவர்களுக்குத்தானே ஆபத்தில் சாவி கிடைக்கும்? நம் சங்கரன்கோவிலில் பக்கத்து வீட்டாரோடு நாம் எப்படி இருக்கிறோம் என்று யோசியுங்கள்.

சகோதரர்களே! அவர்களிடம் ஆள் இருந்தது, பள்ளி இல்லை. நம்மிடம் பள்ளி இருக்கிறது. சுபுஹுக்கு எத்தனை ஸஃப்பு நிற்கிறது? நாளை சுபுஹுக்கு உங்கள் மகனையும் எழுப்பிக் கூட்டி வாருங்கள். கட்டடத்தை யாரும் இடிக்கலாம். அந்தப் பிள்ளையின் பழக்கத்தை யாராலும் இடிக்க முடியாது.

யா அல்லாஹ்! ஊர் இழந்தவர்களுக்கு ஊரைத் திருப்பிக் கொடு. எங்கள் ஸஃப்புகளை நிரப்பி வை. ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.