தீமைக்கென இட்ட ஆணை கட்டுமா?



சென்ற வாரம் ஒரு மாலை, ஜெபமாலை முடிந்து கோவில் கதவைச் சாத்தும் வேளையில், நம் வாலிபர்களுள் ஒருவர் என்னிடம் வந்து ஒரு கேள்வி கேட்டார். அதை இங்கே எழுத அவருடைய சம்மதம் உண்டு; பெயர் வேண்டாம். அமெரிக்காவில் இத்தாலிய வம்சத்தார் சிலர் நடத்திய குற்றக் கூட்டங்களைப் பற்றி அவர் நிறையப் படித்திருக்கிறார். எந்தக் "குடும்பத்தில்" எத்தனை கோஷ்டி, எந்தக் கோஷ்டியில் யார் யார், அவர்களுக்குத் தலைவன் எவன், அவனுக்குப்பின் வந்தவன் எவன் என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். பத்துக் கற்பனைகளை இவ்வளவு சரளமாகச் சொல்வாரோ என்பது எனக்குச் சந்தேகமே.

கேள்வி இதுதான்: "சாமி, கூட்டத்தில் சேரும்போது இரத்தம் எடுத்துச் சத்தியம் பண்ணுகிறான். பிடிபட்டதும் கூட்டாளிகளின் பெயரையெல்லாம் போலீசாரிடம் சொல்லிவிடுகிறான். அவன் யூதாஸ்தானே?"

எதை மனதில் வைத்துக் கேட்டார் என்று நான் விசாரிக்கவில்லை. ஆனால் கேள்வி என்னை விடவில்லை.

முதலில் அந்தக் கூட்டங்களின் அமைப்பைச் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் கேள்வியின் கனம் விளங்காது. நியூயார்க் நகரில் இப்படிப்பட்ட ஐந்து கூட்டங்கள் 1931-ம் ஆண்டு ஒழுங்கு பெற்றன. ஒவ்வொன்றுக்கும் தலைவன் ஒருவன், அவனுக்கு அடுத்து உபதலைவன், பக்கத்தில் ஆலோசகன். அவர்களுக்குக் கீழே பல கோஷ்டிகள். கோஷ்டியை நடத்துகிறவனுக்குக் காப்போ என்றும், அதில் உள்ளவர்களுக்குச் சிப்பாய்கள் என்றும் பெயர். சிப்பாய் சம்பாதிப்பதில் ஒரு பங்கு காப்போவுக்கும், அவனிடமிருந்து தலைவனுக்கும் போகும். பணம் கீழிருந்து மேலே ஏறும். கட்டளை மேலிருந்து கீழே இறங்கும். ஒருவனை அறிமுகம் செய்யும்போது "இவர் நம்முடைய சிநேகிதர்" என்றால் சத்தியம் செய்த அங்கத்தினன். "என்னுடைய சிநேகிதர்" என்றால் வெளியாள். ஒரே ஒரு சொல்லில் உள்ளும் புறமும் பிரிந்துவிடும்.

இப்படி ஓர் அமைப்பு உண்டென்பதையே அதிகாரிகள் பலர் வெகுகாலம் நம்பவில்லை. 1957 நவம்பர் 14-ந் தேதி, நியூயார்க் மாகாணத்தில் அப்பலாச்சின் என்ற சிற்றூரில், ஒரு வீட்டில் பல பட்டணத்துத் தலைவர்கள் கூடியிருப்பதைப் போலீசார் கண்டு வழிமறித்தார்கள். ஏறக்குறைய அறுபது பேர் அகப்பட்டார்கள். நோயாயிருக்கும் நண்பரைப் பார்க்க வந்தோம் என்று சொன்னார்கள்! அவர்களுள் யாருக்கு மேல் யார், எவன் எந்தக் கோஷ்டி என்பது 1963-ம் ஆண்டுதான் உலகறியத் துலங்கியது. ஜெனோவேசே குடும்பத்தின் சாதாரணச் சிப்பாயான ஜோசப் வலாச்சி, அமெரிக்க செனட் சபையின் விசாரணைக் குழு முன் பகிரங்கமாய்ச் சாட்சி சொன்னான். ஐந்து குடும்பங்களுக்கும் வம்சாவளி போல அட்டவணைகள் வெளிவந்தன.

தான் சேர்ந்த விதத்தையும் அவன் சொன்னான். 1930-ம் ஆண்டு, ஒரு நீண்ட மேசை. அதன்மேல் ஒரு துப்பாக்கி, ஒரு கத்தி. இவற்றாலே வாழ்ந்து இவற்றாலே சாவேன் என்று அவன் சொல்லவேண்டும். கையில் ஒரு காகிதத்தைக் கொளுத்திக் கொடுப்பார்கள். இரகசியத்தை வெளியிட்டால் இப்படி எரிந்துபோவேன் என்பது அதன் பொருள். பிறகு விரல்களை நீட்டி எண்ணி, அவனுக்கு ஒரு ஞானத்தகப்பனைத் தெரிந்துகொண்டார்கள். அந்த ஞானத்தகப்பன் அவன் விரலைக் குத்தி இரத்தம் எடுத்தான்.

வேறிடங்களில் காகிதத்துக்குப் பதிலாகத் திருப்படத்தையே எரித்தார்கள். 1989 அக்டோபர் 29-ந் தேதி, பாஸ்டன் நகருக்கு அருகிலுள்ள மெட்ஃபர்டு என்ற ஊரில், நான்கு பேரைப் பட்ரியார்க்கா குடும்பத்தில் சேர்த்த சடங்கை அமெரிக்க மத்தியப் புலனாய்வுத் துறையினர் இரகசியமாய் ஒலிப்பதிவு செய்தார்கள். இந்தப் படம் எரிவதுபோல் என் ஆத்துமமும் எரியட்டும் என்பது ஆணையின் சாரம். உன் சொந்தச் சகோதரனே துப்புச் சொல்கிறவனானால் அவனைக் கொல்வாயா என்றும் கேட்டார்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை. பழைய பஞ்சாங்கப்படி கிறீஸ்து அரசர் திருநாள் வரும் ஞாயிறு அது.

இதை வாசித்தபோது எனக்குக் கோபத்தைவிட வெட்கமே மிகுதியாய் வந்தது. குடும்பம், ஞானத்தகப்பன், திருப்படம், ஆணை: எல்லாம் நம் வீட்டிலிருந்து எடுத்துப்போன சாமான்கள். திருடன் எடுத்துப்போனானா, நாம்தான் கதவைத் திறந்து வைத்திருந்தோமா என்பதைப் பிறகு பார்ப்போம்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். ஆணையாவது யாது? சர்வேசுரனைச் சாட்சியாக அழைப்பது. ஆகையால்தான் அது இரண்டாம் கற்பனைக்கு அடுத்தது. உண்மை, விவேகம், நீதி ஆகிய மூன்றும் ஆணைக்குத் துணை நிற்கவேண்டுமென்று சாஸ்திரிகள் கற்பிக்கிறார்கள். நீதியற்ற காரியத்துக்குச் சர்வேசுரனைச் சாட்சிக்கு அழைப்பவன் அவரைத் தன் பாவத்துக்குக் கூட்டாளியாக்கப் பார்க்கிறான். அவர் அந்தச் சாட்சிக்கு வரமாட்டார். அப்படிப்பட்ட ஆணை ஆத்துமத்தைக் கட்டாது. இட்டதே ஒரு பாவம், நிறைவேற்றினால் இரண்டாம் பாவம் என்பது அர்ச். தோமாஸ் அக்குயினாஸின் போதகத்துக்கு ஒத்தது. ஏரோது அரசனை நினைத்துக்கொள்ளுங்கள். விருந்தினர் முன் ஆணையிட்டு விட்டோமே என்று பிரமாணிக்கம் காத்தான். ஸ்நாபக அருளப்பரின் தலை தட்டில் வந்தது. ஆணையை மீறியிருந்தால் அவனுக்கு அவமானம் மாத்திரமே வந்திருக்கும்.

அப்படியானால் வலாச்சி யூதாஸ் அல்ல. யூதாஸ் காட்டிக்கொடுத்தது மாசற்றவரை. அவன் பேரில் பாவமானது, அவன் வாய் திறந்தது என்பதனால் அல்ல. யாருக்கு விரோதமாய், எதற்காகத் திறந்தான் என்பதனால். பிறனுடைய மறைவான குற்றத்தைக் காரணமின்றி வெளியிடுவது எட்டாம் கற்பனைக்கு விரோதம்தான். ஆனால் மாசற்றவர்களின் உயிரைக் காக்கும்பொருட்டு வெளியிடவேண்டியதை வெளியிடாதிருப்பதும் பாவமே.

இவ்விடத்தில் நம் வாலிபர் என்னை மடக்கினார். "நீங்களும் பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைச் சொல்லமாட்டீர்களே, சாமி? அதுவும் அவர்கள் மௌனமும் ஒன்றுதானே?" என்றார். நல்ல அடி. இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் பாவசங்கீர்த்தன இரகசியம், பாவத்தை விட்டுவிட வருகிறவனுக்காக ஏற்பட்டது. இனி செய்வதில்லை என்ற பிரதிக்கினை இல்லாதவனுக்கு நான் பாவப் பொறுத்தல் கொடுக்க முடியாது. கோஷ்டியிலேயே இருந்துகொண்டு கோஷ்டியின் பாவத்துக்கு மன்னிப்புக் கேட்பவனை வெறுங்கையாய் அனுப்பவேண்டியவன் நான். மேலும் அந்த முத்திரை குருவாகிய என் வாயைத்தான் கட்டுகிறது, பாவியின் வாயையல்ல. அவர்களுடைய மௌனமோ, நாளைய கொலைக்கு இன்றே போடும் போர்வை.

அந்தப் போர்வை எவ்வளவு தந்திரமாய் நெய்யப்பட்டது என்று பாருங்கள். பொனான்னோ குடும்பத்தின் தலைவனாயிருந்த ஜோசப் மசினோ, தன் பெயரை யாரும் உச்சரிக்கலாகாது என்றான். அவனைக் குறிக்கவேண்டுமானால் காதைத் தொட்டுக் காட்டவேண்டும். ஜெனோவேசே குடும்பத்தில் இன்னும் விசித்திரம். அதன் தலைவன் அந்தோனி சலெர்னோ என்று அரசாங்கத்தார் அட்டவணையில் எழுதி, 1986-ம் ஆண்டு குற்றவாளி எனத் தீர்ப்புப் பெற்று, 1987-ல் நூறு வருடச் சிறைவாசமும் வாங்கிக் கொடுத்தார்கள். உண்மையான தலைவன் வின்சென்ட் ஜிகாண்டே என்பதும், சலெர்னோ முன்னால் நிறுத்தப்பட்ட ஆள் என்பதும் பின்னால் நிலைநாட்டப்பட்டன. ஜிகாண்டேயோ பல வருடம் குளியலங்கியோடு தெருவில் முணுமுணுத்துக்கொண்டு புத்தி பேதலித்தவன்போல் நடந்தான். அத்தனையும் வேஷமென்று 2003-ம் ஆண்டு அவனே நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டான். அவன் தம்பி ஒருவர் குருவானவர். அண்ணன் நோயாளிதான் என்று ஊரறியச் சொல்லி வந்தவர். அவர் உள்ளத்தில் என்ன இருந்ததென்று சர்வேசுரன் அறிவார், நான் தீர்ப்பிடவில்லை. என் அண்ணன் அப்படியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று மாத்திரம் ஒரு இராத்திரி முழுதும் யோசித்தேன்.

இவ்வளவு மறைப்பும் எதற்காக? "நான் கொல்லவில்லை" என்று தலைவன் சொல்வதற்காக. "நான் தீர்மானிக்கவில்லை" என்று சிப்பாய் சொல்வதற்காக. இருவருக்கும் நடுவே காப்போ, "நான் சொன்னதைச் சொன்னேன்" என்பதற்காக. பாவம் ஒரு ஏணியில் ஏறி இறங்கி, எந்தப் படியிலும் தங்காமல் மறைந்துவிடவேண்டும் என்பது அவர்கள் எண்ணம். ஆனால் திருச்சபையின் பழைய ஞானோபதேசத்தில், பிறர் பாவத்துக்கு நாம் உடந்தையாகும் வழிகள் ஒன்பது என்று எழுதியிருக்கிறது. கட்டளையிடுதல், ஆலோசனை சொல்லுதல், சம்மதித்தல், பங்குபெறுதல், மறைத்தல், சும்மாயிருத்தல், செய்ததை நியாயமென்று பேசுதல் எல்லாம் அதில் உண்டு. அந்த வரிசையையும் கூட்டத்தின் அட்டவணையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு உத்தியோகத்துக்கும் ஓர் இடம் தயாராயிருக்கிறது! ஆலோசகனுக்கு என்றே ஒன்று. பாவம் அவர்களுக்குள் பங்கு போடப்பட்டுக் குறைவதில்லை. ஒவ்வொருவன் பேரிலும் முழுதாய் விழுகிறது. கூட்டத்தின் காரியங்களைக் குற்றங்களின் தொடர்ச்சியால் நடத்துவதே குற்றமென்று அமெரிக்கர் சட்டம் செய்தது 1970-ம் ஆண்டில். நம் ஞானோபதேசம் கொஞ்சம் முந்திக்கொண்டது.

ஆனால் வாலிபருடைய கேள்வியில் ஒரு நியாயமும் இருக்கிறது, அதை மறைக்கமாட்டேன். பெயர் சொன்னவர்களெல்லாம் புண்ணியவான்கள் அல்ல. வலாச்சி பேசியது தன் தலைவன் தன்னைக் கொல்லச் சொல்லிவிட்டான் என்ற பயத்தால். அந்தப் பயத்தில் 1962-ம் ஆண்டு சிறைக்குள் ஒருவனை ஆள் மாறாட்டமாய் அடித்தே கொன்றுவிட்டான். சல்வத்தோரே கிராவானோ என்பவன் பத்தொன்பது கொலைகளில் தனக்குப் பங்குண்டென்று ஒப்புக்கொண்டு, 1992-ல் தன் தலைவன் ஜான் கொட்டிக்கு விரோதமாய்ச் சாட்சி சொல்லி, ஐந்து வருடத் தண்டனையோடு தப்பினான். 2000-ம் ஆண்டு போதைப்பொருள் வியாபாரத்துக்காகப் பிடிபட்டபோது, அவனோடு அவன் மனைவியும் மகனும் மகளும் பிடிபட்டார்கள். உண்மையைச் சொன்னான், மனந்திரும்பினானென்று எப்படிச் சொல்வது? பொல்லாத ஆணையை மீறுவது கடமை. ஆனால் கடமையைக் கூலிக்குச் செய்கிறவனும் உண்டு.

காதைத் தொடச் சொன்ன மசினோவின் கதையும் கேளுங்கள். 2004-ம் ஆண்டு அவனுக்கு விரோதமாய்ச் சாட்சி சொன்னவர்களுள் முதன்மையானவன் அவன் உபதலைவன். அவன் மனைவியின் உடன்பிறந்தவன். ஏழு கொலைகளுக்காகக் குற்றவாளியென்று தீர்ந்தபின், இன்னொரு வழக்கில் மரணதண்டனை எதிரே நிற்க, மசினோவே அரசாங்கத்தார் பக்கம் சேர்ந்தான். நியூயார்க்கின் ஐந்து குடும்பங்களில் பதவியிலிருந்த தலைவன் ஒருவன் அப்படிச் செய்தது அதுவே முதல் தடவை. யாரும் வாய் திறக்கலாகாதென்று கட்டளையிட்டவன், சிறையில் தனக்கு அடுத்தவன் பேசியதை ஒலிப்பதிவு செய்து கொடுத்தான். சாவதற்கும் துணிந்தோமென்று சொன்ன சிப்பாய்கள் எத்தனைபேர் அதற்கு முன்பே சிறையில் மௌனமாய்ச் செத்தார்கள்! அவர்கள் எதற்குப் பிரமாணிக்கமாயிருந்தார்கள்?

கதவைத் திறந்து வைத்தது யார் என்ற பாக்கி நிற்கிறது. சிசிலித் தீவில் திருச்சபையார் பலர் வெகுகாலம் வாய் மூடியிருந்தார்கள். இது மறுக்க முடியாத துக்கம். 1993 மே 9-ந் தேதி அக்ரிஜெந்தோ நகரில் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் அக்கூட்டத்தாரை நோக்கி, மனந்திரும்புங்கள், தேவ தீர்வை ஒருநாள் வரும் என்று குரலெழுப்பினார். நான்கு மாதத்தில், செப்டம்பர் 15-ந் தேதி, பலெர்மோவில் பங்குக் குருவான பினோ புலீசி சுவாமியை அவர் வீட்டு வாசலில் சுட்டுக் கொன்றார்கள். தம் பங்குப் பிள்ளைகளைக் கோஷ்டிகளின் கைக்குப் போகாமல் இழுத்துப் பிடித்ததே அவர் செய்த குற்றம். 2013-ம் ஆண்டு அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளிக்கப்பட்டது. அமெரிக்காவிலோ, 1985-ல் சுட்டுக்கொல்லப்பட்ட பால் கஸ்டெல்லானோவுக்கு நியூயார்க் அதிமேற்றிராசனமும், 2002-ல் இறந்த ஜான் கொட்டிக்குப் புரூக்ளின் மேற்றிராசனமும் பகிரங்க அடக்கப்பூசையை மறுத்தன. அது ஆத்துமத்தின்மேல் இட்ட தீர்ப்பல்ல. துர்மாதிரிகையைத் தடுக்கும் வழி. 2021-ல் சிசிலியின் கத்தானியா அதிமேற்றிராணியார் ஞானஸ்நானத்துக்கு ஞானத்தாய் தகப்பன் வைப்பதையே மூன்று வருடத்துக்கு நிறுத்தினார். அந்த உறவு விசுவாசத்தை விட்டு வெறும் கட்டுப்பாடாயும், சில இடங்களில் கூட்டத்தாரின் கருவியாயும் போய்விட்டது என்ற கவலையால் வந்த நடவடிக்கை அது. நம் பங்கில் ஞானஸ்நானத்துக்குப் பெயர் கொடுக்க வருகிறவர்களிடம், ஞானத்தகப்பனாக யாரை, ஏன் தெரிந்துகொண்டீர்கள் என்று நான் கேட்டால் இனிமேல் மனவருத்தப்படாதீர்கள்.

வாலிபர் போகும்போது இன்னொன்று கேட்டார்: "தகப்பன் அப்படிப்பட்ட பணத்தில் வீட்டை நடத்துகிறானென்று தெரிந்தபின், பிள்ளை அந்தச் சோற்றைச் சாப்பிடலாமா, சாமி?" இதற்கு ஏட்டில் பதில் எழுத எனக்குத் துணிவில்லை, ஒவ்வொரு வீட்டின் நிலைமையும் வேறு. வருகிற ஞாயிறு மாலை ஐந்தரை மணிக்கு ஞானோபதேச அறையில் இதைப் பற்றிப் பேசுவோம். பெற்றோர் வருவதானால், பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். தனியாய்ப் பேச விரும்புகிறவர்களுக்காகச் சனிக்கிழமை நான்கு மணி முதல் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் இருப்பேன்.