கடற்கரைக்கு ஒரு காரணம் வேண்டுமோ?

ஞாயிற்றுக்கிழமை மாலை. தாம்பரத்துக்குத் தெற்கேயுள்ள ஏதேனும் ஒரு சிறிய இரயில் நிலையத்திலே சற்று நேரம் நின்று பாருங்கள். ஆறு நாள் ஆலையிலே அலுத்தவன் அன்று வெளுத்த சட்டை அணிந்து நிற்கிறான். அவன் தோளிலே குழந்தை. குழந்தையின் கையிலே காற்றாடி. பக்கத்திலே பள்ளி மாணவர் நால்வர். நால்வருக்குமாகச் சேர்த்து ஒரே ஒரு பணப்பை. எங்கே செல்கின்றனர் இவர்கள்? வாணிபத்துக்கா? இல்லை. வழக்குக்கா? இல்லை. மருத்துவமனைக்கா? அதுவும் இல்லை. பட்டணம் பார்க்கப் போகின்றனர். அவ்வளவுதான்!

"அவ்வளவுதானா?" என்று கேட்பார் உண்டு. அந்தக் கேள்வியைத்தான் இன்று நாம் ஆராயப் புகுகிறோம். பயன் ஒன்றும் கருதாது, மகிழ்ச்சி ஒன்றையே கருதி, மனிதன் ஓரிடத்துக்குப் போகலாமா? போவதற்கு அவன் காரணம் காட்டியாக வேண்டுமா? காட்ட வேண்டுமெனில், யாரிடம்?

சென்னைக் கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்குமிடையே மின்சார இரயில் ஓடத் தொடங்கியது 1931-ஆம் ஆண்டு. அன்று முதல் புறநகர் வளர்ந்தது. வளர்ந்த புறநகரின் உழைப்பை நாள்தோறும் காலையிலே நகரம் வாங்கிக்கொண்டது. மாலையிலே வெறும் உடலைத் திருப்பி அனுப்பிற்று. நகரத்தின் கட்டடங்களைக் கட்டியவன் புறநகரான். அதன் அலுவலகங்களைப் பெருக்கித் துடைப்பவள் புறநகராள். அவர்கள் வார நாளில் நகரைச் சுமக்கிறார்கள். ஒரு நாளேனும் அதனைச் சுவைக்க வருகிறார்கள். இதற்கும் ஒரு விளக்கம் கேட்பது நியாயமா?

சுவைப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கின்றனரா? எழும்பூரிலே 1851-இல் தோன்றிய அருங்காட்சியகம் இருக்கிறது. அமராவதியிலிருந்து வந்த பௌத்தச் சிற்பங்களை ஏழை மாணவனும் அங்கே கண்ணாரக் காணலாம். அதன் பக்கத்திலேயே, 1896-இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகம். கோட்டூர்புரத்திலே, 2010-இல் எழுந்த அண்ணா நூற்றாண்டு நூலகம். இத்தனைக்கும் மேலாக, பூட்டும் இல்லாமல், நுழைவுச் சீட்டும் இல்லாமல், அகன்று கிடக்கிறது மெரினா! சீமானின் காலுக்கு ஒரு மணல், செருப்பில்லாதவன் காலுக்கு ஒரு மணல் என்று அங்கே பிரித்து வைக்கவில்லை.

ஊரிலே நிலை என்ன? "எந்தத் தெரு?" என்று கேட்ட பிறகே தண்ணீர்க் குவளையை நீட்டும் இடங்கள் இன்னும் அற்றுப்போகவில்லை. நகரத்துக் கடற்கரையிலே, பக்கத்திலே உட்கார்ந்திருப்பவன் எந்தத் தெருவினன் என்பது எவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளும் தேவையும் இல்லை. இந்தத் தேவையின்மைதான் நகரம் நமக்குத் தரும் முதல் இன்பம்.

இது தானே கனிந்த கனியன்று. இரயில் நிலைய உணவு விடுதிகளிலே பார்ப்பனருக்கு ஓரிடம், மற்றவருக்கு வேறிடம் என்றிருந்த காலம் ஒன்று உண்டு. அந்த வேற்றுமை 1941-இல்தான் ஒழிந்தது. 1957-இல், திருவல்லிக்கேணியில் ஓர் உணவு விடுதிப் பலகையிலிருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை அகற்றக் கோரி, பெரியாரின் தொண்டர்கள் நாள்தோறும் மறியல் செய்து சிறை புகுந்தனர். இன்று நாம் நகரத்து விடுதியிலே நுழைந்து, எந்த மேசையிலும் அமர்ந்து, கவலையின்றிக் காப்பி அருந்துகிறோம். அந்தக் காப்பியின் விலையிலே ஒரு பகுதியை அவர்கள் சிறையிலே செலுத்திவிட்டனர் என்பதை மறத்தலாகாது.

நம் அணியிலேயே ஒரு தோழர் கேட்கிறார்: "மக்கள் பசித்திருக்கின்றனர், பள்ளிக்குக் கூரையில்லை. இந்நிலையிலே உலாவும் உல்லாசமும் சீர்திருத்தக்காரனுக்கு அழகா?" அவருடைய உள்ளத்தை நாம் மதிக்கிறோம், வாதத்தை ஏற்க இயலவில்லை. இன்பத்தைப் பழிப்பது எவருடைய வேலை? உலகம் மாயை, உடல் பொய், இம்மையிலே துன்புற்றால் மறுமையிலே இன்பம் என்று உழைப்பவனுக்கு ஓதி, அவன் விளைத்ததைத் தாம் துய்த்தாரே, அவருடைய வேலை! அவர் விட்டுச்சென்ற காவியை நாம் எடுத்துக் கறுப்புச் சாயம் தோய்த்து உடுத்திக்கொள்ள வேண்டுமா? அறமும் பொருளும் கூறிய வள்ளுவர் இன்பத்தையும் ஒரு பாலாக வைத்தாரேயன்றி, மிச்சமிருந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடவில்லை.

அதே கடற்கரையிலேதான் 1923 மே முதல் நாளிலே சிங்காரவேலர் தொழிலாளர் திருநாளைக் கொண்டாடினார். அத்திருநாளின் அடிப்படை என்ன? எட்டு மணி நேரம் உழைப்பு, எட்டு மணி நேரம் உறக்கம், எஞ்சிய எட்டு மணி நேரம் தனக்கு! அந்த மூன்றாவது எட்டுக்காகத்தான் உலகத் தொழிலாளர் குருதி சிந்தினர். இராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலை 1959 முதல் அங்கே நிற்கிறது. பாறையை நால்வர் நெம்புகின்றனர். அந்தப் பாறை நகர்ந்த பின் அவர்கள் எங்கே போவர்? பத்து எட்டு நடந்து மணலிலே அமரத்தானே! 1938-இல் திருச்சியிலிருந்து நடந்தே வந்த தமிழர் படையை வரவேற்ற கூட்டமும் கடற்கரையிலேதான் கூடிற்று. 2017-இல் இளைஞர் வெள்ளம் திரண்டதும் அங்கேதான். காற்று வாங்க வந்து சமமாக உட்காரப் பழகிய மக்களே, உரிமை கேட்கவும் சமமாக எழுந்து நிற்பர்.

இவ்வளவும் எழுதிவிட்டு நாம் மகிழ்ந்திருக்கலாம். ஆனால் எம் வகுப்பறையிலே நிகழ்ந்த ஒன்று அவ்வாறு மகிழவொட்டாமல் தடுக்கிறது.

கடலைப் பற்றிக் கட்டுரை எழுதுமாறு எட்டாம் வகுப்பு மாணவர்களுக்குக் கூறினோம். ஒரு சிறுமி எழுதியிருந்தாள்: "என் அம்மா கடலைப் பார்த்ததில்லை." அந்தத் தாய் தையல் ஆலையிலே பணி புரிபவர். நாள்தோறும் அவர் ஏறும் இரயிலின் நெற்றியிலே 'சென்னை கடற்கரை' என்று எழுதியிருக்கிறது. அவர் மூன்றாவது நிலையத்திலே இறங்கிவிடுகிறார். எழுத்தாகக் கண்ட கடலை, இருபதாண்டுக் காலம், ஒரு முறைகூட நீராகக் காணவில்லை!

மாணவர்களை அருங்காட்சியகத்துக்கும் கடற்கரைக்கும் அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்தோம். தாய்மாரும் வரலாம் என்றோம். அந்த அம்மையார் பள்ளிக்கு வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "கடிதாசியில கோயிலுக்குன்னு ஒரு வார்த்தை சேர்த்து எழுதிக் குடுங்க சார். கோயிலுக்குன்னா விடுவாங்க. சும்மா போறேன்னு எப்படிச் சொல்றது?"

நாம் மறுத்தோம். பகுத்தறிவு பேசும் நாம், நம் கையாலேயே கோயிலின் பெயரால் ஒரு பொய்யை எழுதுவதா? கொள்கை வென்றது. அவர் வரவில்லை. சிறுமி மட்டும் வந்தாள். திரும்பும்போது ஒரு புட்டியிலே கடல்நீரை நிரப்பிக்கொண்டாள். இரயிலிலே அந்தப் புட்டியைப் பார்த்துக்கொண்டு வந்தபோதுதான் நமக்கு உறைத்தது: கொள்கை நம்முடையது; அதற்கு விலை கொடுத்தவர் அவர்!

பொய் எழுதியிருக்க வேண்டுமா? அப்போதும் இல்லை என்றே சொல்வோம். கோயிலின் பெயரால் ஒரு முறை கிடைக்கும் அனுமதி, கோயிலின் பெயரின்றி அனுமதி இல்லை என்பதையே உறுதிசெய்யும். ஆயினும், "எழுத மாட்டோம்" என்று கூறிவிட்டு நாற்காலியிலே சாய்ந்தோமே, அது கொள்கையன்று, சோம்பல். எழுதாத கையினன், அவர் வீட்டுப் படியேறிப் பேசும் காலும் உடையவனாக இருந்திருக்க வேண்டும்.

பெண்ணின் நிலையை எண்ணுங்கள். 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளிலே பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கோடிக் கணக்கான கால்களுக்குக் கதவு திறந்த செயல் அது. பேருந்து கட்டணத்தை நீக்கியது, ஆனால் "எதற்கு?" என்ற கேள்வியை எந்த அரசாணை நீக்கும்? ஆண் மாலையிலே சட்டையை மாட்டிக்கொண்டு புறப்பட்டால், "எப்போது திரும்புவாய்?" என்று கேட்கிறோம். பெண் புறப்பட்டால், "எதற்குப் போகிறாய்?" என்று கேட்கிறோம். முன்னது அன்பின் கேள்வி. பின்னது ஆண்டானின் கேள்வி.

இது இன்று நேற்றுத் தோன்றியதன்று. புகாரிலே விழாவின் முடிவில் கோவலன் கடற்கரைக்குச் சென்றான், மாதவியோடு சென்றான், யாழிசைத்துப் பாடினான். கண்ணகி எங்கே இருந்தாள்? வீட்டிலே! அலையோசையைக் கேளாமல், வாயிற்படியைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். அந்தக் கண்ணகிக்கு நாம் எங்கே சிலை வைத்திருக்கிறோம்? கடற்கரையிலே! 1968-இல் நிறுவி, 2001-இல் அகற்றி, 2006-இல் மீண்டும் நிறுவினோம். கற்புக்கு எடுத்துக்காட்டு என்று அவளைப் புகழ்வோர் புகழட்டும். நம் கண்ணுக்கோ, கணவன் அழைத்துச் செல்லாத இடத்துக்குக் கல்லாகவேனும் வந்து சேர்ந்த பெண்ணாகவே அவள் தோன்றுகிறாள். இன்னும் எத்தனை கண்ணகிகள் மூன்றாவது நிலையத்திலே இறங்கிக்கொண்டிருக்கின்றனர்!

மற்றொன்றும் கூற வேண்டும். நமக்கு ஞாயிறு, மணலிலே நாம் எறிந்த தாளையும் எச்சிலையும் விடியுமுன் பொறுக்குகிறாரே தூய்மைப் பணியாளர், அவருக்கு? நம் இன்பத்தின் அடியிலே இன்னொருவரின் குனிந்த முதுகு இருக்குமானால் அது பழைய பண்ணையாரின் இன்பமே. 2022 நவம்பரிலே, சக்கர நாற்காலியில் வருவோரும் அலையருகே செல்ல மெரினாவிலே மரப்பாதை ஒன்று அமைந்தது. அடுத்த மாதமே புயல் அதனைச் சேதப்படுத்திற்று. ஆயினும் அதிலே ஒரு நல்ல இலக்கணம் இருந்தது: வர இயலாதவரைக் கணக்கிலே கொள்ளாத மகிழ்ச்சி முழுமையடையாது. அதே இலக்கணப்படி நம் புறநகரும் பூங்காவும் படிப்பகமும் கேட்க வேண்டும். மகிழ்ச்சியெல்லாம் ஒன்றரை மணி நேரப் பயணத்துக்கு அப்பால்தான் என்பது தலைவிதியன்று, திட்டக் குறைபாடு.

அந்த வீட்டுக்கு நாம் பிறகு சென்றோம். மூன்று மாலை சென்றோம். மாமியார் முகம் கொடுக்கவில்லை. சுமை தூக்கும் தொழிலாளியான கணவரோ நெடுநேரம் பேசாதிருந்து, பின் சொன்னார்: "நானே ரெண்டு தடவைதான் சார் மெட்ராஸ் பார்த்திருக்கேன். ஒரு தடவை ஆஸ்பத்திரிக்கு." அவரைக் கொடியவர் என்று எண்ணிச் சென்ற நாம், தலை கவிழ்ந்தோம். தனக்கே மறுக்கப்பட்டதை அவர் பிறருக்கு எங்ஙனம் வழங்குவார்?

இரண்டு திங்கள் கழித்து அச்சிறுமியின் குறிப்பேட்டிலே இரண்டு வரிகள் இருந்தன: "ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எல்லோரும் கடலுக்குப் போனோம். அம்மா ஒன்றுமே செய்யவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தார்."

தோழர்களே! அந்தச் 'சும்மா' எளிதாகக் கிடைத்ததன்று. மேடையிலே முழங்குகிறோம், முழங்குவோம். ஆனால் வரும் ஞாயிறன்று வெளுத்த சட்டையை மாட்டுமுன், வீட்டுக்குள்ளே திரும்பி, அடுப்படியிலே நிற்பவரைப் பார்த்து, "வருகிறீர்களா?" என்று கேளுங்கள். "எதற்கு?" என்று அவரே கேட்பார், பழக்கம் அது. "எதற்குமில்லை" என்று சொல்லுங்கள்.