பெயர் தெரியாதவனும் பெயர் எழுதப்படாதவனும்



யுத்தத்தில் மரித்தவர்களை ஒரு தேசம் வருஷந்தோறும் எப்படிக் கனம்பண்ண வேண்டும்? பிரிட்டன் தேசத்தாரின் வழக்கத்தை வைத்து இதைச் சிந்திக்க விரும்புகிறேன்.

முதலாம் உலக யுத்தம் 1918 நவம்பர் 11-ல் ஓய்ந்தது. மறுவருஷம் அதே நாளில், காலை 11 மணிக்கு, ராஜா ஐந்தாம் ஜார்ஜின் வேண்டுகோளின்படி தேசமே 2 நிமிஷம் மௌனமாய் நின்றது. 1920-ல் யாரென்று தெரியாத ஒரு போர்வீரனின் சரீரத்தை பிரான்சிலிருந்து கொண்டுவந்து, முற்காலத்து ராஜாக்களை அடக்கம்பண்ணியிருந்த வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்திலேயே அடக்கம்பண்ணினார்கள். பெயர் தெரியாதவர்களின் கல்லறைகளில், இவனைத் தேவன் அறிவார் என்ற அர்த்தத்தில் எழுதிவைத்தார்கள். இன்றும் நவம்பர் மாதத்து இரண்டாம் ஞாயிறன்று சிவப்புப் பாப்பிப் பூவைச் சட்டையில் குத்திக்கொண்டு நிற்கிறார்கள். நல்ல வழக்கம்தான். இதை நான் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் 2021-ல் ஒரு காரியம் வெளியே வந்தது. இந்தக் கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 1917-ல் ஏற்பட்டது. பதவியோ இனமோ பார்க்காமல் மரித்த எல்லாருக்கும் ஒரே மரியாதை என்பதுதான் அதன் கொள்கை. அந்த ஆணையமே விசாரித்துச் சொன்னது என்ன? முதலாம் யுத்தத்தில் மரித்தவர்களில் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரைக்கும், பெயர் சொல்லி நினைவுகூரப்படவே இல்லை. பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்கரும் எகிப்தியரும். ஆணையம் மன்னிப்புக் கேட்டது.

பிரியமானவர்களே, குண்டு விழுந்து சரீரம் சிதைந்து ஒருவன் பெயர் தெரியாமல் போவது துக்கம். ‘மூட்டை தூக்கினவன்தானே, இவனுக்கு எதுக்குக் கல்லு?’ என்று பெயரை எழுதாமலே விடுவது அநியாயம். ரெண்டும் ஒண்ணு இல்லை.

‘தேவனுக்குத் தெரியுமே, அது போதாதா?’ என்று சிலர் கேட்கலாம். தேவனுக்குத் தெரியும், மெய்தான். ஆனால் அவனை யுத்தத்துக்குக் கூட்டிக்கொண்டு போனது யாரு? மனுஷன்தானே! கூட்டிக்கொண்டு போனவன்தான் கணக்குச் சொல்ல வேண்டும். நம்முடைய அலட்சியத்தை மூடிவைக்கத் தேவனுடைய ஞானத்தைப் போர்வையாக்கக் கூடாது.

2025 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரத்தில் ஒரு நினைவிடம் திறந்தார்கள். அந்த யுத்தத்தில் ஊழியம்செய்து மரித்த, கல்லறைகூட இல்லாத 1,700-க்கும் அதிகமான கறுப்பினத் தொழிலாளர்களுக்கு ஆளுக்கொரு மரத்தூண்; அதில் அவனவன் பெயர். நூறு வருஷத்துக்கு மேலே ஆகிவிட்டது. ஆனாலும் எழுதினார்கள்.

2 நிமிஷம் மௌனமாய் நிற்பது யாருக்கும் லேசு. பழைய காகிதங்களைப் புரட்டி, ஒவ்வொரு பெயராகத் தேடி எழுதுவது கஷ்டம். அந்தக் கஷ்டத்தைப் படுகிற தேசம்தான் மரித்தவனை மெய்யாகவே கனம்பண்ணுகிறது என்பேன். மௌனம் முடிந்தபின் வாயைத் திறந்து அவன் பெயரைச் சொல்ல வேண்டும்.